தோட்டத் தமிழரின் தாள்கள்: காத்தலும் அழித்தலும்

குளுவாங் நகரிலிருந்து கிழக்கே ஜெமாலுவாங் நோக்கிச் செல்லும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில் காஹாங் அமைந்துள்ளது. எண்டாவ் ரொம்பின் வனப்பகுதிக்குச் செல்வோர் இவ்வூர் வழியாகவே பெத்தா கிராமத்தை அடைவர். வரலாற்று நூல்களில் இவ்வூர்ப் பெயர் இடம்பெறுவது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆங்கிலேயர் இங்கு அமைத்த விமானத் திடலின் பொருட்டேயாகும். ஆனால் காஹாங்கை உள்ளடக்கிய குளுவாங் மாவட்டத்திற்கு மற்றொரு வரலாறும் உண்டு. அது இரப்பர் மரத்தடியிலும் செம்பனை வரிசைகளிலும் பல தலைமுறையாக உழைத்த தமிழரின் வரலாறு. அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் இன்று பெரும்பாலும் தோட்டத்தை விட்டு நகரங்களின் மலிவுவிலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அவ்வாறு குடிபெயரும்போது ஒவ்வொரு வீட்டிலும் எழும் வினா ஒன்றே: கட்டிலடியில் கிடக்கும் தகரப் பெட்டியிலுள்ள பழைய தாள்களை என்ன செய்வது?

ஆசிரியர் பயிலரங்குகளில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் வினாவும் இதுவே. கேட்போர் எதிர்பார்ப்பது ஒரு வரியில் விடை. எரிப்பதா, கிழிப்பதா, பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போடுவதா என்பதே அவர்களது கவலை. எனினும் இவ்வினாவுக்கு நம் நாட்டிலும் நம் மொழியிலும் நீண்ட வரலாறு உண்டு. அதனை அறியாமல் அளிக்கப்படும் விடை அரைகுறையானதாகவே அமையும். அவ்வரலாற்றின் சில பகுதிகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாள் சேர்ந்த வகை

எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் என்று தோட்டத் தொழிலாளரைப் பற்றிப் பேசுவது வழக்கம். ஆயினும் அவர்களைப்போல் தாளால் சூழப்பட்டிருந்த மக்கள் அக்கால மலாயாவில் குறைவு எனலாம். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டப்பட்ட பின் கங்காணி முறை மேலோங்கியது. கங்காணியின் கையில் உரிமச்சீட்டு இருந்தது. அவர் திரட்டிய ஆட்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் பெயர் பதியப்பெற்றுக் கப்பலேறினர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இந்நிலை நீடித்தது. தோட்டத்தை அடைந்ததும் கிராணியின் 'செக்ரோல்' பதிவேட்டில் பெயர் ஏறியது. விடியற்காலைப் பெரட்டில் அழைக்கப்பட்ட பெயரும், அன்றைய வேலையும், மாத முடிவில் கழிக்கப்பட்ட அரிசிக் கடனும் அப்பதிவேட்டில் வரிசையாக எழுதப்பட்டன. 1948க்குப் பின் அடையாள அட்டையும், 1951இல் ஊழியர் சேமநிதி தொடங்கிய பின் அதன் கணக்குச் சீட்டும் சேர்ந்துகொண்டன. சூராட் பெரானாக் எனத் தோட்ட மக்கள் வழங்கிய பிறப்புப் பத்திரம், அம்மை குத்திய அட்டை, பள்ளிச் சான்றிதழ், ஊரிலிருந்து வந்த நீலநிற வான்மடல் எல்லாம் ஒரே பெட்டிக்குள் புகுந்தன.

இத்தாள்களில் ஒன்றிலேனும் அம்மக்கள் தம் பெயரைத் தாமே எழுதியதில்லை என்பதையும் இங்கு மறத்தலாகாது. பிறர் எழுதினர், அவர்கள் கைநாட்டு வைத்தனர். எழுதியவர் மலையாளக் கிராணியாயின் ஒருவகை எழுத்துக்கூட்டல், மலாய் எழுத்தராயின் பிறிதொரு வகை. முனியம்மா என்னும் ஒரே பெயர் ஒரு குடும்பத்தின் மூன்று தாள்களில் மூன்று விதமாக அமைந்திருப்பது இயல்பு. பிற்காலத்தில் இதுவே பெருஞ்சிக்கலாயிற்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

அழித்தலில் தமிழ் மரபு

தமிழர் எழுத்தைத் தெய்வமாகக் கருதியவர். காலில் பட்ட தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் இன்றும் காணக்கூடியதே. ஆனால் அழிப்பதற்கும் நம் மரபில் இடமிருந்தது என்பதைச் சுவடிப் பதிப்பு வரலாறு காட்டுகிறது. ஆடிப் பதினெட்டில் பழஞ்சுவடிகளை ஆற்று வெள்ளத்தில் விட்டோர் பலர். உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடி தேடிச் சென்றபோது, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டுவிட்டதாக அங்குள்ளோர் கூறிய செய்தியை 'என் சரித்திர'த்தில் பதிவு செய்துள்ளார். அவ்வாறு செய்தவர்கள் சுவடியை இகழ்ந்தவர்கள் அல்லர். பாழாய்ப்போன ஏட்டைக் குப்பையில் எறிவது பாவம், தீயில் இடுவது மரியாதை என்று நம்பியவர்கள். பக்தியால் அழிந்த ஏடும் அழிந்த ஏடேயன்றோ.

போகியன்று பழையன கழிக்கும் வழக்கம் கடல் கடந்தும் வந்தது. தோட்டத்து லயங்களின் முன் பழைய பாயோடு பழைய தாளும் எரிந்திருக்கும் என ஊகிப்பதில் பிழையில்லை. இறந்தவரின் சாதக ஏட்டைச் சிதையில் வைக்கும் வழக்கமும் சில குடும்பங்களில் உண்டு. ஒருவர் வாழ்வு முடிந்தபின் அவரைப் பற்றிய எழுத்துக்கும் பயன் முடிந்துவிடுகிறது என்ற எண்ணமே இவ்வழக்கங்களின் அடித்தளமாகும். நவீன அரசு இவ்வெண்ணத்தை ஏற்பதில்லை. அதன் கண்ணில், இறந்த தாத்தாவின் தாள் உயிரோடிருக்கும் பேரனின் உரிமைக்கு ஆதாரம்.

போரும் அவசரகாலமும்

1942 சனவரியில் ஜொகூர் முழுவதும் சப்பானியர் வசமாயிற்று. அடுத்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அங்கு மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலும் பிற இடங்களிலும் கல்லறைகள் உள. பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. கைதிகளாயிருந்த அதிகாரிகள் தம் பட்டியல்களை மூங்கில் குழாய்களில் இட்டும் மண்ணில் புதைத்தும் காப்பாற்றினர். தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய முழுமையான பெயர்ப்பட்டியல் எதுவும் இல்லை. 1945 ஆகத்தில் சரணடையும் வேளையில் சப்பானியப் படைத்துறை தன் ஆவணங்களை எங்கும் எரிக்க ஆணையிட்டமையும் சேர்ந்தது. எனவே, ஒரு தோட்டத்தின் 1942, 1943ஆம் ஆண்டுச் செக்ரோலில் திடீரென நின்றுபோகும் ஒரு பெயரே அம்மனிதர் காணாமற்போனமைக்குரிய ஒரே எழுத்துச் சான்றாக அமையக்கூடும். அப்பதிவேடு எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

அவசரகாலத்தில் தாள் நேரடியாகவே போர்க்கருவி ஆயிற்று. 1948இல் அவசரகால விதிகளின்கீழ் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் புகைப்படத்துடனும் பெருவிரல் ரேகையுடனும் அடையாள அட்டை பெற வேண்டியதாயிற்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினர் பேருந்துகளை நிறுத்தியும் தோட்டங்களுக்குள் புகுந்தும் அவ்வட்டைகளைப் பறித்துக் கிழித்தனர், எரித்தனர். அட்டையின்றிச் சோதனைச் சாவடியில் அகப்பட்டவர் அரசின் ஐயத்துக்கு ஆளானார். அட்டையை விடாது பற்றிக்கொண்டவர் காட்டின் ஐயத்துக்கு ஆளானார். 1950இல் பிரிக்சு திட்டம் முதன்முதலாகச் செயல்படத் தொடங்கிய மாநிலம் ஜொகூரே என்பதை நினைவிற்கொண்டால், இவ்வட்டாரத்து முதியோர் பலர் அடையாள அட்டையைத் துணியில் சுற்றி இடுப்பில் முடிந்து வைத்த பழக்கத்தின் காரணம் விளங்கும்.

ஐந்து லாரிகள்

தனியார் தாள்களைப் பற்றிப் பேசும் இக்கட்டுரையில் அரசு எரித்த தாள்களுக்கு இடம் தருவது ஏன் என்று சிலர் கேட்கலாம். பேரளவில் தாளை எவ்வாறு பாதுகாப்பாக அழிப்பது என்பதை முறையாகச் சிந்தித்தவர்கள் பிரித்தானியக் குடியேற்ற அதிகாரிகளே என்பதுதான் காரணம்.

1947இல் தில்லியில் ஆவணங்களை வெட்டவெளியில் எரித்தபோது எழுந்த புகை ஊரார் கண்ணில் பட்டுச் செய்தியாயிற்று. அப்பிழை மீண்டும் நேரக்கூடாது என்பதில் குடியேற்ற அலுவலகம் கருத்தாயிருந்தது. 1957இல் மலாயா விடுதலை அடையும் முன் கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரிகளில் தாள்கள் ஏற்றப்பட்டன. அவை சிங்கப்பூரிலிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கிருந்த எரியுலையில் சாம்பலாக்கப்பட்டன. தலைநகரிலேயே எரித்தால் புதிய அரசினரின் மனம் புண்படும், உறவு கெடும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்த லாரிகள் ஜொகூர் மாநிலத்தைக் கடந்தே, ஜொகூர்ப் பாலத்தின் வழியே சிங்கப்பூரை அடைந்திருக்க வேண்டும். சாலையோரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, தம் காலத்து வரலாற்றின் ஒரு பகுதி அவ்வழியே தீக்குச் செல்வது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1961இல் குடியேற்ற அமைச்சராயிருந்த இயன் மெக்லியாட் இதனைப் பொதுநெறியாக்கினார். விடுதலை பெறும் நாட்டு அரசுகளின் கையில் பிரித்தானிய அரசுக்குச் சங்கடம் விளைவிக்கும் தாள் எதுவும் சென்றுவிடலாகாது என்று அறிவுறுத்தப்பட்டது. எரித்தபின் சாம்பலை உடைத்துத் தூளாக்க வேண்டும். கடலில் இடுவதாயின் பெட்டிகளில் பாரம் வைத்து, கரைக்கு வெகுதொலைவில், நீரோட்டமற்ற ஆழ்கடலில் இட வேண்டும் என்றெல்லாம் நுணுக்கமான விதிகள் வகுக்கப்பட்டன. அழித்தமைக்குச் சான்றிதழும் எழுதப்பட்டது. எரிக்காமல் தப்பியவற்றுள் ஒரு பகுதி இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, பக்கிங்காம்சயர் மாவட்டத்து ஆன்சுலோப் பார்க் வளாகத்தில் பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்தது. கென்ய நாட்டு மாவ் மாவ் முதியோர் தொடுத்த வழக்கின் விளைவாக, 37 முன்னாள் குடியேற்ற நாடுகளைச் சார்ந்த ஏறத்தாழ 8,800 கோப்புகள் அங்கிருப்பதை 2011இல் பிரித்தானிய அரசு ஒப்புக்கொண்டது. 2012 முதல் அவை கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் படிப்படியாகத் திறக்கப்பட்டன. மலாயாக் கோப்புகளும் சிங்கப்பூர்க் கோப்புகளும் அவற்றுள் அடங்கும்.

இவ்வரலாற்றில் என்னை உறுத்துவது எரித்த செயலைக் காட்டிலும் எரித்தவரின் ஒழுங்கு. எதை அழித்தோம் என்பதற்கு அவர்கள் குறிப்பு வைத்துக்கொண்டார்கள். அக்குறிப்பே அரைநூற்றாண்டு கழித்து வரலாற்றாசிரியருக்கு வழிகாட்டியாயிற்று. நம் வீடுகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் அழிந்தவற்றுக்கு அத்தகைய குறிப்பும் இல்லை.

தோட்ட அலுவலகம் மூடப்பட்டபோது

தோட்டக் கம்பெனிகளின் இலண்டன் தாள்கள் நன்றாகவே பேணப்பட்டுள்ளன. கத்ரி நிறுவனத்தின் ஆவணங்கள் இலண்டன் கீழ்த்திசை, ஆப்பிரிக்கவியல் கல்லூரியிலும், ஆரிசன் அண்டு குரோசுபீல்டு நிறுவனத்தின் ஆவணங்கள் இலண்டன் மாநகர ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. பங்குதாரர் கூட்டக் குறிப்பு, இலாபப் பங்கீடு, மேலாளர் மடல்கள் ஆகியவற்றை அங்கே படிக்கலாம். ஆனால் தொழிலாளியின் பெயர் எழுதப்பட்ட செக்ரோல் இலண்டனுக்குப் போகவில்லை. அது தோட்ட அலுவலக அலமாரியில் இருந்தது. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. தோட்டங்கள் சிறு சிறு மனைகளாக விற்கப்பட்டன. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்நெருக்கடியின் நடுவிலேயே. நிலத்திற்குப் பத்திரம் இருந்தது, மரத்திற்குக் கணக்கு இருந்தது. அலமாரியிலிருந்த பெயர்ப்பட்டியலுக்கு விலை எவரும் கூறவில்லை. அது அழிக்கப்பட வேண்டும் என்று எவரும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. கறையானும் மழையும் புதிய உரிமையாளரின் துப்புரவும் சேர்ந்து அப்பணியைச் செய்துமுடித்தன.

இதன் விளைவு என்ன? 1957க்குப் பின் ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோருக்கு மொழித் தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் குறிப்பிட்ட ஆண்டுகள் இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும். தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே மருத்துவச்சி கையில் பிள்ளை பெற்றுப் பதியாமல் விட்டவருக்குத் தோட்ட அலுவலகப் பதிவேட்டைத் தவிர வேறு சான்று ஏது? விண்ணப்பிக்காமலே விட்டவர்களும் பலர். 1969இல் குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை உரிமம் கட்டாயமானபோது ஏறத்தாழ 60,000 இந்தியர் நாடு திரும்பினர் என ஆய்வாளர் குறிப்பர். எஞ்சியோரின் சிவப்பு அட்டைச் சிக்கல் தலைமுறை தாண்டியும் தொடர்ந்தது. 2011இல் ஆவணமற்ற இந்தியரைப் பதிவதற்கென்றே மைடாஃப்தார் இயக்கம் நடத்தப்பட்டது. 60 வயதுக்கு மேற்பட்ட 3,407 சிவப்பு அட்டை இந்தியருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என 2018இல் பிரதமர் அறிவித்தார். முன்னர்க் கூறிய எழுத்துக்கூட்டல் வேறுபாடு இங்கேதான் உயிர்நாடியாகிறது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு முனியம்மாவும் மகனின் பத்திரத்தில் வேறொரு முனியம்மாவும் இருந்தால், இருவரும் ஒருவரே என நிறுவுவதற்கு இரண்டு வடிவங்களையும் தாங்கிய மூன்றாவது தாள் ஒன்று தேவை. பிழையான தாள் என்று எண்ணிக் கிழித்தெறிந்த தாளே பல வேளைகளில் அந்த மூன்றாவது தாளாக இருந்திருக்கும்.

இலங்கை மலையகத் தமிழரின் பட்டறிவு இன்னும் கொடியது. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. மற்றவர்களின் தலைவிதியை 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாத்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. பிரித்தானியாவிலும் இது நிகழ்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் 1950களிலும் 1960களிலும் கப்பலில் வந்திறங்கியோரின் வருகை அட்டைகளை 2010இல் அந்நாட்டு உள்துறை அழித்தது. தனிநபர் தரவுகளைத் தேவைக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டமே அதற்குக் காட்டப்பட்ட காரணம். 2018இல் அம்முதியோர் பலர் தம் உரிமையை நிறுவ இயலாமல் வேலையும் மருத்துவமும் இழந்த செய்தி வெளிவந்தபோதுதான் அவ்வட்டைகளின் அருமை தெரிந்தது. சட்டப்படி, பாதுகாப்பாக, ஒழுங்காகச் செய்யப்பட்ட அழிப்பு அது.

இன்றைய நிலை

மலேசியாவிலும் இரண்டு சட்டங்கள் இப்போது எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி, தலைமை இயக்குநரின் எழுத்துமூல ஒப்புதலின்றிப் பொது ஆவணம் எதையும் அழித்தலாகாது. 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வணிக நிறுவனங்கள் தேவை முடிந்த தரவை நிலையாக அழிக்கவேண்டும் என்கிறது. தோட்டக் கம்பெனியின் செக்ரோல் பொது ஆவணம் அன்று. ஆகவே முதற்சட்டம் அதனைத் தானே காக்காது. வணிக நிறுவனத்தின் தாள் என்பதால் இரண்டாவது சட்டம் அதனை அழிக்கத் தூண்டும். எஞ்சியுள்ள சில பதிவேடுகளையேனும் கம்பெனிகள் காப்பகத்திற்கு நன்கொடையாக அளிக்கச் செய்வது பல்கலைக்கழகத் துறைகளின் கடமை என்பது என் கருத்து. இதில் நாம் ஏற்கெனவே காலந்தாழ்த்திவிட்டோம்.

வீட்டுப் பெட்டிக்கு வருவோம். பிறப்பு, இறப்பு, திருமணப் பத்திரங்கள், காலாவதியான அடையாள அட்டைகள், குடியுரிமைத் தாள்கள், தோட்டம் அளித்த வேலைச் சான்று, பள்ளி விடுகைச் சான்றிதழ், தொடக்ககாலச் சேமநிதிக் கணக்கு ஆகியவற்றை எவ்வளவு கிழிந்திருந்தாலும் அழித்தலாகாது. பெயர் பிழைபட்டிருந்தால் கட்டாயம் அழித்தலாகாது. வான்மடல்களும் புகைப்படங்களும் குடும்பத்தின் விருப்பம். எனினும் பேரப்பிள்ளைகளைக் கேளாமல் முடிவெடுக்க வேண்டா. வருமான வரித் தாள்களை 7 ஆண்டுக்குப் பின் கழிக்கலாம். வங்கிக் கணக்கறிக்கை, பழைய கட்டணச் சீட்டு, மருத்துவமனை நகல், அடையாள அட்டையின் ஒளிநகல் ஆகியவற்றைக் குவித்துவைப்பதே தீங்கு. நம் 12 இலக்க அடையாள எண்ணில் முதல் 6 இலக்கம் பிறந்த நாளையும் அடுத்த 2 இலக்கம் பிறந்த இடத்தையும் காட்டிவிடும். ஜொகூரில் பிறந்தவர்க்கு 01. இவ்வெண் உள்ள நகல் பழைய தாள் வணிகரின் மூட்டையில் சென்றால் அது யார் கையை அடையும் என்று கூற இயலாது.

வீட்டு முற்றத்தில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவின்கீழ்க் குற்றம். தாள்கட்டை அப்படியே தீயிலிட்டால் ஓரம் கருகி நடுப்பகுதி படிக்கும்படி எஞ்சுவதும் உண்டு. நீளவாக்கில் கிழிக்கும் பொறியை நம்பிவிட இயலாது. 1989இல் கிழக்கு செருமானிய உளவுத்துறை கிழித்துவைத்த ஏறத்தாழ 16,000 மூட்டைத் தாளைப் பின்னர் கையாலேயே ஒட்டத் தொடங்கியமை உலகறிந்தது. குறுக்கும் நெடுக்கும் வெட்டும் பொறியே ஏற்றது. செருமானியத் தரநிலையில் நான்காம் படியைச் சார்ந்தது வீட்டுக்குப் போதும். அது ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டாமல் வெட்டும். பொறி இல்லாதவர் வாளி நீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் கூழாக மசித்துவிடலாம். செலவற்ற இம்முறை காஹாங் போன்ற சிற்றூருக்குப் பொருத்தமானது. அழிக்குமுன் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் எந்தத் தாள், எந்த ஆண்டினது, எந்நாளில் அழிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதிவைத்தல் நலம். குடியேற்ற அதிகாரிகளிடமிருந்து கற்கத் தக்கது அது ஒன்றே.

ஆசிரியர்களுக்குத் தனியே ஒன்று. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன; இன்று 530க்கும் குறைவு. மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் மறைந்த பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் மாணவர் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர் ஆகிய நான்கும் ஒரே வரியில் அமைந்திருக்கும். செக்ரோல் அழிந்த தோட்டத்திற்கு இதைவிடச் சிறந்த மாற்றுச் சான்று இல்லை. இப்பதிவேடுகளைத் தலைமையாசிரியர் தம் விருப்பப்படி கழித்துவிட இயலாது என்றே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் வாசிக்கிறேன். பள்ளி இடமாறும்போது அவை பழைய மேசை நாற்காலிகளோடு சேர்த்து அகற்றப்படாமல், முதலில் எண்ணிடப்பட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஜொகூர்க் கிளைக்கு அறிவிக்கப்பட வேண்டும்.